எருமை கொடுத்த ஒரு வாய் அசை

முன்னொரு காலத்தில், மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்தில், பசுங்கோடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் தங்கம் கிடையாது, முத்து கிடையாது. புல் இருந்தது. புல்லைத் தின்ன மாடுகள் இருந்தன. மாடு கொடுத்த பாலைக் குடித்து மனிதர்கள் இருந்தார்கள். அவ்வளவுதான் நாடு. அதற்கும் ஒரு ராஜா இருந்தார், கீர்த்திவளவன் என்று பெயர். நல்லவர். நல்லவர் என்பதால் கெட்டிக்காரர் என்று நான் சொன்னதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த நாட்டில் அங்காயி என்று ஒரு பெண். அவளுக்கு ஒரு பசு உண்டு, மயிலை என்று பெயர். ஒரு குழந்தையும் உண்டு, சிட்டு என்று பெயர். குழந்தை அவள் பெற்றதல்ல. அக்காள் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். அன்று முதல் சிட்டுவுக்குத் தாய்ப்பால் என்றால், பாலாடை என்ற மூக்குக் கிண்ணத்தில் புகட்டிய மயிலையின் பால்தான். காலையில் ஒரு பாலாடை, மதியம் ஒரு பாலாடை, அந்தியில் ஒரு பாலாடை.

அங்காயிக்கு ஒரே ஒரு குறை, அவளுடைய வாய். விடிந்ததும் திறக்கும் வாய் தூங்கும்போதுதான் மூடும். தூக்கத்திலும் மூடுமா என்று ஊரில் பந்தயம் கட்டியவர்கள் உண்டு.

ஒருநாள் அரண்மனைக்குப் பால் கொண்டுபோனாள். அங்கே சபையில் சங்குமாலி என்ற மந்திரவாதி வித்தை காட்டிக்கொண்டிருந்தான். இடுப்பில் ஒரு கருஞ்சங்கு தொங்கியது. கல்லைப் பொன்னாக்கினான். தண்ணீரைத் தீயாக்கினான். காக்கையை மயிலாக்கினான். "இந்த உலகத்தில் ஒன்றை இன்னொன்றாக மாற்ற என்னால் முடியாதது எதுவுமில்லை" என்றான்.

அங்காயிக்கு வாய் சும்மா இருக்குமா?

"சாமி, எங்க மயிலை தெனமும் ஒரு வித்தை பண்ணும். புல்லத் திங்கும், பாலக் குடுக்கும். அத நீங்க பண்ணுவீங்களா?"

சங்குமாலி சிரித்தான். ஒரு பிடி புல்லை எடுத்து மந்திரம் சொன்னான். பச்சைத் தண்ணீர் வந்தது. இரண்டாவது பிடியை எடுத்தான். வெள்ளையாக வந்தது. ராஜா விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டுச் சுண்ணாம்புத் தண்ணீர் என்று துப்பினார். மூன்றாவது பிடியை எடுத்து, கண்ணை மூடி, நெற்றி வேர்க்க வேர்க்க மந்திரம் சொன்னான். பால் போலவே இருந்தது, பால் போலவே மணந்தது. அரண்மனைப் பூனையின் முன்னால் வைத்தார்கள். பூனை மோந்து பார்த்தது, திரும்பிப் போய்விட்டது.

சபை முழுக்கச் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

சங்குமாலி சிரிக்கவில்லை. நேரே அரண்மனைத் தொழுவத்துக்குப் போனான். கண்ணில் ஏதோ மை தீட்டிக்கொண்டு ஒரு பசுவின் வயிற்றையே வெகுநேரம் பார்த்தான். "ஓ, இவர்கள்தானா" என்றான். பிறகு கருஞ்சங்கை எடுத்து ஊதினான்.

"வயிறு நிறைய மேயட்டும். பட்டினியில் சாகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்று முதல் காலையும் மாலையும் மலைமேலிருந்து அந்தச் சங்கொலி கேட்டது.

மறுநாள் மாடுகள் எப்போதும்போல மேய்ந்தன, எப்போதும்போல வந்து படுத்தன. ஆனால் எதுவும் அசை போடவில்லை. தின்ற புல் வயிற்றில் தின்றபடியே கிடந்தது. மாடு இருக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும், அசை போடும் சத்தம் இல்லாத தொழுவம் எப்படி இருக்குமென்று. மூன்றாம் நாள் வயிறு மத்தளமாக உப்பியது, விலா எலும்பு வெளியே தெரிந்தது, மடி வற்றியது.

ராஜாவுக்குத் தாங்கவில்லை. "என் மாடுகளுக்குப் பசியா? நெய்ப்பொங்கல் வையுங்கள்" என்றார். அண்டா அண்டாவாகப் பொங்கல் வைத்து ஊட்டினார்கள். பொங்கல் வயிற்றில் புளித்தது. நின்றுகொண்டிருந்த மாடுகளும் படுத்துவிட்டன.

மாடு வளர்க்கும் அந்த நாட்டார் கையில் வழிவழியாக வந்த ஒரு வைத்தியம் இருந்தது. ஒரு மாடு அசை மறந்துவிட்டால், நன்றாக அசை போடும் இன்னொரு மாட்டின் வாயிலிருந்து ஒரு கவளத்தை எடுத்து, சீக்குமாட்டின் நாக்கின் அடியில் வைத்து விழுங்கவைப்பார்கள். இரண்டொரு நாளில் அது எழுந்துவிடும். ஏன் எழுகிறது என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் மாட்டார்கள். இப்போது அதற்கும் வழியில்லை. எடுக்க நாட்டில் ஒரு வாயிலும் அசை இல்லை.

சிட்டுவுக்கு அரிசிக் கஞ்சியை வடித்துப் புகட்டினாள் அங்காயி. குழந்தை முதல்நாள் வீறிட்டு அழுதது. இரண்டாம் நாள் முனகியது. மூன்றாம் நாள் அழவே இல்லை. அழுகிற குழந்தைக்கு அவள் பயந்தவளில்லை. அழாத குழந்தைக்குப் பயந்தாள்.

பக்கத்து வீட்டு வீராயியிடம் குழந்தையைக் கொடுத்தாள்.

"வீராயிக்கா, எல்லாம் என் வாயால வந்த வினை. எங்கயாவது ஒரு மாடு அசை போடும். பாத்துட்டு வந்துடறேன்."

"எம்மா தூரம் போவ புள்ள?"

"சத்தம் கேக்குற வரைக்கும்."

மலைக்குப் போனாள். காட்டு மாடுகள் மரத்தடியில் வாயசையாமல் நின்றன. பாறைக்குப் போனாள். ஆடுகள் வாயசையாமல் நின்றன. காட்டுக்குப் போனாள். மான்கள் வாயசையாமல் நின்றன. இரண்டு நாள் சுற்றி, மூன்றாம் நாள் விடியலில், கோரைப்புல் மண்டிய ஒரு குளத்தங்கரையில் வந்து உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கேட்டது அந்தச் சத்தம். சரக், சரக், சரக்.

குளத்து நடுவில் இரண்டு கொம்பு, ஒரு மூக்கு. ஒரு கிழட்டு எருமை. காதெல்லாம் சேறு அப்பி, கழுத்தளவு தண்ணீரில் கிடந்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

"எருமையக்கா" என்று கத்திக்கொண்டே தண்ணீரில் இறங்கினாள் அங்காயி. "நீ மட்டும் எப்படி அசை போடற? உன்ன அந்தப் பாவி விட்டுட்டானா? உனக்கு என்ன வயசு? எத்தன நாளா இங்க கிடக்கற?"

எருமை மென்றது, மென்றது, விழுங்கியது. அடுத்த கவளம் கழுத்து வழியாக உருண்டு மேலே வருவதற்கு முன் கிடைத்த இடைவெளியில் பேசியது.

"ஒன்னொன்னாக் கேளு."

மென்றது, மென்றது, விழுங்கியது.

"சங்கு ஊதினப்போ நான் தண்ணிக்குள்ள கிடந்தேன். காதுல சேறு. அந்தச் சத்தம் காது வழியாத்தான் உள்ள போவும். எனக்குப் போகல. வெளிய வந்தா போயிடும். அதான் கிடக்கறேன்."

மென்றது, மென்றது, விழுங்கியது.

"உங்க மாடுங்க வயித்துல இருந்து அவன் எதைப் புடுங்கினான்னு தெரியுமா? தெரியாதில்ல. என் கொம்பு அடியில பிசுக்கு இருக்கு. கண்ணுல கொஞ்சம் தடவு, நாக்குல கொஞ்சம் தடவு. மூச்சை இழுத்துப் பிடிச்சுக்க. என் வயித்துக்குள்ள காத்து கிடையாது. ஒரே மூச்சுலதான் போய் வரணும். வாயைத் திறந்துடாத. நினைச்சாலே அவங்களுக்குக் கேக்கும்."

எவர்கள் என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். அதற்குள் பிசுக்கு நாக்கில் பட்டுவிட்டது. அங்காயி சுருங்கினாள், சுருங்கினாள், மணலில் பொடி மணல் எதுவோ அதிலும் சிறியவளாக ஆனாள். ஒரு கோரைப்புல்லின் நுனியில் தொற்றிக்கொண்டாள். எருமை அந்தப் புல்லைக் கவ்வி, மெல்லாமலே விழுங்கியது.

உள்ளே ஒரு கடல் இருந்தது.

காற்றில்லாத, வெயில் படாத, வெதுவெதுப்பான கடல். பிசுக்குத் தடவிய கண்ணுக்கு அந்த இருட்டே வெளிச்சமாகத் தெரிந்தது. மேலே, தின்ற புல்லெல்லாம் ஒரு பெரிய தெப்பமாக மிதந்தது. கரையே சுருங்கி விரிந்து அந்தக் கடலைக் கலக்கிக்கொண்டிருந்தது. அவள் தொற்றியிருந்த புல் தெப்பத்தில் போய்ச் செருகியதும் வந்தார்கள், அவர்கள்.

எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள். நம் நாட்டு மனிதர்களை எல்லாம் கூட்டி, மரத்து இலைகளை எல்லாம் கூட்டி, ஆற்று மணலையும் கூட்டிக்கொண்டாலும் அங்காயி கண்ட ஒரு மூலைக்குக் காணாது. மணிபோலச் சிலர், குச்சிபோலச் சிலர், மணிகளைக் கோத்த சரம்போலச் சிலர். உடம்பெல்லாம் மயிர் துடிக்க நீந்திப்போகிற பெரியவர்களும் இருந்தார்கள். புல்லில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். இருப்பதிலேயே முரட்டுப் புல் கோரை, கையை அறுக்கும். அதை, நெய்த துணியை நூல் நூலாகப் பிரிப்பதுபோல அவர்கள் பிரித்தார்கள். சத்தமில்லை, சண்டையில்லை, மேஸ்திரியும் இல்லை. புல் அவிழ்ந்து தண்ணீரில் கரைந்தது.

அங்காயிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிறந்ததிலிருந்து மாட்டின் வயிற்றில் சாய்ந்து தூங்கியவள் அவள். அந்தத் தோலுக்கு அந்தப் பக்கம் இப்படி ஒன்று நடந்துகொண்டிருந்ததா?

'யார் நீங்கள்?' என்று நினைத்தாள்.

எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். "புல்லை உடைக்கிறவர்கள். எருமையின் பல் புல்லைக் கிழிக்கும், அதன் வயிறு புல்லைக் கலக்கும். உடைக்க அதனால் முடியாது. உடைப்பது நாங்கள். உடைத்ததில் நாங்கள் உண்டது போக மிச்சம் எருமைக்கு."

'எருமை உங்களுக்கு என்ன தரும்?'

"வீடு தரும். வெதுவெதுப்புத் தரும். உட்கார்ந்த இடத்தில் புல் தரும். எங்கள் அடுப்படி புளித்துப்போனால் எச்சிலை அனுப்பி ஆற்றும். அதற்குத்தான் அது மெல்லுகிறது, மெல்லுகிறது, விழுங்குகிறது."

அங்காயிக்கு நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. மூச்சு பாதி தீர்ந்துவிட்டது. அப்போதுதான் ஒன்றைப் பார்த்தாள். வேலை முடித்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கடலின் ஓரத்திலிருந்த ஒரு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

'அவர்கள் எங்கே போகிறார்கள்?'

"இந்த வயிற்றில் நாலு அறை. இது முதல் அறை. நாலாவது அறைக்குப் போனால் நாங்களே எருமைக்குச் சோறு. அங்கிருந்து அதன் ரத்தமாவோம், கொம்பாவோம், கன்றாவோம், பாலாவோம்."

'செத்துப்போகிறீர்களே. வருத்தமில்லையா?'

"இப்போது போகிறவர்களின் பிள்ளைகள் இதோ புல்லில் இருக்கிறார்கள். நாளைக்கு இந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் இருப்பார்கள். நீ குழந்தையாக இருந்தபோது யாரைக் குடித்து வளர்ந்தாய் என்று நினைத்தாய்?"

அங்காயிக்கு அழுகை வந்தது. அழ மூச்சில்லை. எருமை செருமியது. புல்லோடு அவளும் ஒரு கவளமாக உருண்டு, தொண்டை வழியாக ஏறி, வெளியே வந்து விழுந்தாள். விழுந்ததும் பழைய உயரத்துக்கு வளர்ந்தாள். வெகுநேரம் அவளால் பேசவே முடியவில்லை. அது அந்த நாட்டு வரலாற்றிலேயே முதல் தடவை.

பிறகு எருமையின் வாயருகே கையை நீட்டினாள். எருமை ஒரு கவளத்தைக் கொடுத்தது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு கரையேறி ஓடினாள். பத்தடி போவதற்குள் ஒட்டியிருந்தவர்கள் உதிர்ந்தார்கள். இருபதடியில் கவளம் ஆறி, வெறும் சக்கையாகிவிட்டது. திரும்பி வந்தாள். இரண்டாவது கவளத்தைக் கரையில் கிடந்த ஒரு பானையில் வைத்துக் குளத்துத் தண்ணீர் ஊற்றி மூடினாள். குளிரில் அவர்கள் சுருண்டு செத்தார்கள். கண்ணில் பிசுக்கு இருந்ததால் ஒவ்வொருவரும் சாவது தெரிந்தது.

"அவங்களுக்குக் காத்து ஆகாது" என்றது எருமை. "குளிர் ஆகாது. காய்ஞ்சாலும் ஆகாது."

காற்றில்லாமல், கதகதப்பாக, ஈரமாக ஓர் இடம் வேண்டும். அங்காயி யோசித்தாள். பிறகு சொன்னாள்.

"எருமையக்கா, மூணாவது கவளத்த என் வாயில வை."

முகத்தைச் சுளிக்கிறீர்களா? சுளித்துக்கொள்ளுங்கள். அவள் சுளிக்கவில்லை.

"உன் ஊருக்கு உச்சிவெயிலுக்குள்ள போயிடலாம்" என்றது எருமை. "அதுவரைக்கும் உதடு பிரியக்கூடாது. பிரிஞ்சா செத்துடுவாங்க. என்கிட்ட கொடுக்க இனி கவளம் இல்ல, எனக்கே கொஞ்சந்தான் மிச்சம். உன் மாட்டுக் காதுல மொதல்ல சேறு அப்பு. அது ஒருதரம் அசை போட்டுட்டா அவன் சங்கு வெடிச்சிடும். அதனால அவன் வருவான். எப்படி வருவான்னு சொல்ல முடியாது."

அங்காயி வாயை மூடினாள், நடந்தாள்.

வழியில் ஒரு யாத்திரிகன் வந்தான். "அம்மா, பசுங்கோட்டுக்கு எது வழி?" என்று கேட்டான். கையைக் காட்டினாள். "அந்த ஊரில் அங்காயி என்று ஒரு வாயாடி இருக்கிறாளாமே, அவளால்தான் மாடெல்லாம் சாகிறதாமே, உண்மையா?" என்றான். பதில் நாக்கு நுனிவரை வந்தது. நாக்கின் மேல் கவளம் இருந்தது. அங்காயி வாயை மூடினாள், நடந்தாள்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் அரண்மனைச் சேவகன் ஒருவன் வந்தான். "நூறு கறவைப் பசுக்கள் தூரதேசத்திலிருந்து வந்திருக்கின்றன. முதலில் கேட்பவர்களுக்கு என்று ராஜா சொல்லிவிட்டார். வேண்டும் என்று ஒரு சொல் சொல், உன் வீட்டில் கட்டிவிடுகிறேன்" என்றான். அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தெரியாதவளா? அங்காயி வாயை மூடினாள், நடந்தாள்.

ஊர் எல்லையில், புளியமரத்தடியில், வீராயி நின்றிருந்தாள். கையில் குழந்தையைச் சுற்றும் துணி மட்டும் இருந்தது.

"வந்துட்டியா புள்ள? விடியலிலயே போயிட்டாடி சிட்டு. உன்னத் தேடித்தான் கண்ணத் திறந்து திறந்து பாத்தா."

அங்காயிக்குக் காலடியில் பூமி இல்லை. அலறல் ஒன்று வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை ஏறிப் பல்லில் வந்து முட்டியது. உதட்டைக் கடித்தாள். ரத்தம் வெளியே வழிந்தது, உதடு பிரியவில்லை. 'சிட்டு போயிருந்தால் இனி யாருக்காக' என்று நினைத்தாள். ஆனால் ஊருக்குள் எத்தனை தொட்டில் அழாமல் தொங்குகிறதென்று அவளுக்குத் தெரியும். மூக்கு வழியாகவே விம்மினாள். அங்காயி வாயை மூடினாள், நடந்தாள்.

வீராயி வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பார்த்தால் வாய் திறந்துவிடும். நேரே தொழுவத்துக்குப் போனாள். மயிலை கழுத்தைத் தரையில் நீட்டிக் கிடந்தது. வாய்க்கால் சேற்றை அள்ளி அதன் காதுகளில் அப்பினாள். தாடையைத் திறந்து, நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, தன் வாயை அதன் வாயோடு வைத்துக் கவளத்தை நாக்கின் அடியில் தள்ளினாள். மயிலையின் தொண்டையில் அது இறங்குவதைக் கையால் தடவிப் பார்த்தாள்.

அதன் பிறகுதான் வாயைத் திறந்து அலறினாள். அந்த அலறலுக்கு, வீராயி வீட்டுக்குள்ளிருந்து ஒரு பூனைக்குட்டிக் குரல் பதில் சொன்னது. உண்மையான வீராயி குழந்தையோடு வெளியே ஓடிவந்தாள்.

"ஏன்டி கத்தற? இங்கதான்டி இருக்கா. அழக்கூடத் தெம்பில்லாம கிடந்தா, உன் குரலக் கேட்டதும் அழறா பாரு."

அன்று மாலையும் சங்கு ஒலித்தது. மயிலையின் காதில் சேறு இருந்தது. அதன் வயிற்றில் ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது, நாலு எட்டானது. அங்காயி வயிற்றில் காதை வைத்தபடி இருந்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ தூரத்தில் இடிபோல ஒரு உறுமல். மறுநாள் வெயில் ஏறும் நேரம் மயிலை ஒரு நீண்ட ஏப்பம் விட்டது. அதன் கழுத்தில் ஒரு கவளம் அடியிலிருந்து மேலே உருண்டது. மயிலை மென்றது, மென்றது, விழுங்கியது.

மலைமேல் படீர் என்று சத்தம் கேட்டது. கருஞ்சங்கு வெடித்துவிட்டது. காவலர்கள் போனபோது சங்குமாலி உடைந்த சில்லுகளின் நடுவே உட்கார்ந்திருந்தான். சங்கின் உள்ளே ஒரு சிட்டிகை சாம்பல்நிறத் தூசியும் கொஞ்சம் நாற்றமும்தான் இருந்தன. ஒரு நாட்டு மாடுகளின் வயிற்றில் இருந்த அத்தனை பேரையும் பிடித்து வைத்திருந்தும் அவனால் ஒரு சொட்டுப் பால் செய்ய முடியவில்லை. மாடில்லாமல் அவர்கள் பிழைக்கவில்லை.

மயிலையின் வாயிலிருந்து இரண்டு மாட்டுக்கு, இரண்டிலிருந்து நாலுக்கு, நாலிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து ஊருக்கு. பதினைந்தாம் நாள் நாடு முழுக்க அந்தச் சரக், சரக் கேட்டது. நெய்ப்பொங்கல் மிச்சத்தை ராஜாவே சாப்பிட்டார்.

"இவன் தலையை எடுத்துவிடலாமா?" என்று சங்குமாலியைக் காட்டிக் கேட்டார் ராஜா.

"தலை எதுக்கு மகாராசா, கை வேணும்" என்றாள் அங்காயி. "புல்லறுக்கட்டும்."

ஆகவே உலகத்தையே மாற்றத் தெரிந்தவன் புல்லறுத்தான். குளத்து எருமைக்குத் தினம் ஒரு கட்டு கோரை சுமந்துபோட்டான். ஒருநாள் அங்காயி அவனுக்கு ஒரு குவளை பால் கொடுத்தாள். குடித்தான். "நான் அறுத்த புல்" என்று சொல்லி அழுதான்.

"உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று ராஜா அங்காயியைக் கேட்டார்.

"அசை போடுற மாட்டை யாரும் எழுப்பக்கூடாது மகாராசா. உள்ள வேலை நடக்குது."

சட்டம் போட்ட மறுவாரமே ராஜாவின் தேர் நடுத்தெருவில் நின்றது. எதிரே மயிலை படுத்திருந்தது. ராஜா இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு போனார். அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறதோ என்னவோ, நம் தெருவிலும் வண்டிகள் அப்படித்தான் போகின்றன.

சிட்டுவின் கன்னத்தில் மறுபடி சதை வைத்தது. காலையில் ஒரு பாலாடை, மதியம் ஒரு பாலாடை, அந்தியில் ஒரு பாலாடை. அங்காயி மறுபடி நாளெல்லாம் பேசினாள். ஆனால் பாலாடையைக் குழந்தையின் வாயில் வைக்கிறபோது மட்டும் பேச்சு நின்றுவிடும். அந்தக் கொம்புப் பிசுக்கு அவள் கண்ணைவிட்டு முழுசாகப் போகவே இல்லை. வெள்ளைப் பாலில் அவள் யார் யாரைப் பார்த்தாளோ, குழந்தை குடித்து முடிக்கும்வரை கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கதை கேட்டவர்களுக்கு ஒரு குவளை பால். சொன்ன எனக்கு அரைக்குவளை போதும், மாட்டுக்கு ஒரு கட்டுப் புல்லைப் போட்டுவிட்டு வாருங்கள்.